மிஸ்டர் ஸ்மித்தும் நமது மேலவையும்: யார் கொடுத்த இருக்கை?

(பினாங்கு ஜோர்ஜ்டவுனில் படக் காட்சி முடிந்த பின் பேசிய உரை. படத்தைப் பார்க்காத வாசகர்களுக்காகச் சில இடங்கள் விரித்து எழுதப்பட்டுள்ளன.)



‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’ 1939-இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். ஃபிராங்க் காப்ரா இயக்கியது. ஜேம்ஸ் ஸ்டுவர்ட், ஜீன் ஆர்தர், கிளாட் ரெய்ன்ஸ் நடித்தது. “சிவப்பு அடையாளக் கார்டும் தமிழ்ப்பள்ளியும் கோயில் நிலமும் நமக்குத் தலைக்கு மேல் கிடக்கும்போது, இந்த வெள்ளைக்காரன் கதை எதற்கு?” என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கதையின் நடுவில் கிடப்பதும் ஒரு துண்டு நிலம்தான் என்பதைக் கவனித்தீர்களா? அந்த நிலம் யாருக்கு, அதைப் பற்றி யார் பேசலாம், பேசுகிறவனுக்கு அந்த இருக்கையைக் கொடுத்தது யார்? 85 ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த மூன்று கேள்விகள் பழசாகவில்லை. அதிலும் சிறுபான்மை இனத்தாராகிய நமக்கு இவை வீட்டு வாசலில் நிற்கும் கேள்விகள்.

படம் பார்க்காத வாசகர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாநிலம், அதன் பெயரைப் படம் கடைசிவரை சொல்வதில்லை. அதன் செனட்டர் ஒருவர் இறந்துவிடுகிறார். மீதிக் காலத்துக்கு ஆளை நியமிக்கும் அதிகாரம் ஆளுநருக்கு. ஆளுநரை ஆட்டிவைப்பவர் ஜிம் டெய்லர் என்ற பெருமுதலாளி. பத்திரிகைகள் அவர் கையில், அரசியல்வாதிகள் அவர் பையில். வில்லட் கிரீக் என்ற ஓடையைச் சுற்றியுள்ள நிலத்தைப் பினாமிப் பெயர்களில் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அங்கே ஓர் அணை கட்ட அரசாங்கத்தைச் சம்மதிக்க வைத்து, அந்த நிலத்தை அரசாங்கத்துக்கே நல்ல விலைக்கு விற்பது திட்டம். அணைக்கான ஏற்பாடு ஒரு பெரிய நிதி மசோதாவின் 40-ஆம் பிரிவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே, கேள்வி கேட்காத ஒருவர்தான் செனட்டராக வேண்டும்.

ஆளுநர் ஒரு பக்கம் டெய்லர் சொன்ன ஆள், மறுபக்கம் மக்கள் கேட்கும் ஆள் என்று திண்டாடி, கடைசியில் நாணயத்தைச் சுண்டுகிறார். அது விளிம்பில் நின்றுவிடுகிறது! பக்கத்தில் கிடந்த பத்திரிகையில் ஜெஃபர்சன் ஸ்மித் என்ற இளைஞனின் செய்தி. சிறுவர் இயக்கம் நடத்துபவன், அரசியல் தெரியாதவன், வெகுளி. இரு தரப்புக்கும் சங்கடமில்லை, அவனையே அனுப்பலாம் என்று முடிவாகிறது. (நம் ஊரில் நாணயத்துக்கு இவ்வளவு சிரமம் தருவதில்லை. அது சுண்டும் முன்பே எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்துவிடும்.)

ஸ்மித் வாஷிங்டன் போகிறான். சிறுவர்களுக்கு ஒரு முகாம் வேண்டும் என்று மசோதா கொண்டு வருகிறான். முகாமுக்கு அவன் தேர்ந்தெடுத்த இடம் அதே வில்லட் கிரீக். அவ்வளவுதான். அதுவரை முதுகைத் தட்டிக் கொடுத்தவர்கள் எல்லாம் பகையாளி ஆகிவிடுகிறார்கள். அவனுடைய தந்தையின் பழைய நண்பரும் மூத்த செனட்டருமான ஜோசப் பெய்ன், பொய்ப் பத்திரத்தைக் காட்டி, அந்த நிலம் ஸ்மித்துக்கே சொந்தம், சிறுவர்களின் காசில் இலாபம் பார்க்க வந்தவன் இவன் என்று அவையிலேயே குற்றம் சாட்டுகிறார். வெளியேற்றப்படவிருந்த நேரத்தில் ஸ்மித் எழுந்து பேசத் தொடங்கி, ஏறக்குறைய 24 மணி நேரம் உட்காராமல் பேசி மயங்கி விழுகிறான். பெய்னின் மனசாட்சி உறுத்துகிறது. அவர் உண்மையை ஒப்புக்கொள்கிறார். படம் முடிகிறது.

இனி நம் விஷயத்துக்கு வருவோம்.

ஸ்மித்தை யாரும் தடுக்கவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். முகாம் என்று பேசியவரை அவன் நல்ல பிள்ளை. நிலம் எது என்று சொன்ன கணமே அவன் கெட்டவன். மேலிருந்து கொடுக்கப்படும் இருக்கைக்கு ஒரு கயிறு உண்டு. கயிற்றின் நீளம் எவ்வளவு என்பது நிலத்தையோ பணத்தையோ தொடும் வரைக்கும் தெரியாது. இதைவிடத் தெளிவாக இந்த உண்மையைக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை.

மலேசியாவின் மேலவையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அதில் 70 இருக்கைகள். 13 மாநிலச் சட்டமன்றங்கள் ஆளுக்கு இருவராக 26 பேரைத் தேர்ந்தெடுக்கின்றன. மீதி 44 பேர் மாமன்னரால் நியமிக்கப்படுபவர்கள். நடைமுறையில் பிரதமரின் ஆலோசனைப்படி. தொடக்கத்தில் இப்படி இல்லை. சுதந்திரத்தின்போது மாநிலங்கள் அனுப்பியவர்கள் 22, நியமனம் 16. அதாவது மாநிலங்களின் குரல்தான் பெரும்பான்மை. பிறகு திருத்தத்துக்கு மேல் திருத்தம் வந்து தராசு சாய்ந்துவிட்டது. மேலவையால் ஒரு சாதாரணச் சட்டத்தைத் தாமதப்படுத்தத்தான் முடியும், தடுக்க முடியாது. அந்தத் தாமதத்தைக்கூட யாரும் கேட்காதபடி ஆள்களை அமர்த்திக்கொள்வது ஆட்சியில் இருப்பவர்களுக்கு வசதி.

அரசமைப்புச் சட்டத்தின் 45-ஆவது விதியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். யார் யாரை நியமிக்கலாம் என்று சொல்லும் இடத்தில், பொதுச்சேவை செய்தவர்கள், தொழில் துறைகளில் பெயர் பெற்றவர்கள் என்ற வரிசையில், சிறுபான்மை இனங்களைப் பிரதிநிதிப்பவர்கள், பூர்வ குடியினரின் நலனைப் பிரதிநிதிக்கக்கூடியவர்கள் என்றும் இருக்கிறது. நமக்கென்றே எழுதி வைத்த வாசல்! ஆனால் வாசலின் சாவி நம் கையில் இல்லை. நம் பிரதிநிதி யார் என்று நம்மைக் கேட்க வேண்டும் என்ற ஒரு சொல்கூட அங்கே கிடையாது. அதே விதியின் கடைசிப் பகுதியில் இன்னொன்றும் உண்டு. நாடாளுமன்றம் விரும்பினால் சட்டம் இயற்றி, மாநில செனட்டர்களை மூவராக உயர்த்தலாம், அவர்களை மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கச் செய்யலாம், நியமன உறுப்பினர்களைக் குறைக்கலாம், அடியோடு நீக்கவும் செய்யலாம். சுதந்திரம் பெற்ற காலத்திலிருந்து இந்த வரி அங்கேயே தூங்குகிறது. அரசாங்கங்கள் மாறின, எந்த அரசாங்கமும் அதை எழுப்பவில்லை.

இதைச் சொல்லும்போது நம் இயக்கத்தின் கதையைத் தாண்டிப் போக முடியாது. 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் நம் மக்கள் தெருவில் இறங்கினார்கள். டிசம்பர் 13-இல் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிக்கப்பட்டுக் கமுந்திங்கில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான மனோகரன் 2008 மார்ச் தேர்தலில், கம்பிக்குப் பின்னால் இருந்தபடியே சிலாங்கூரின் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். அந்த இருக்கையை அவருக்கு எந்த ஆளுநரும் கொடுக்கவில்லை. பூட்டி வைத்தவர்களாலும் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்தது வேதமூர்த்தியின் பாதை. நாட்டுக்கு வெளியே இருந்து 2012-இல் திரும்பி வந்தார். 2013 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார். ஏப்ரலில் தேசிய முன்னணியுடன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். தேர்தலுக்குப் பின் செனட்டராக நியமிக்கப்பட்டுத் துணையமைச்சர் ஆனார். 2014 பிப்ரவரியில், கொடுத்த வாக்கு காப்பாற்றப்படவில்லை என்று சொல்லிப் பதவி விலகினார். 2018-இல் ஆட்சி மாறியது. மீண்டும் செனட்டர், இம்முறை அமைச்சர். அந்த ஆண்டின் இறுதியில் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் அனைத்துலக உடன்படிக்கையை, ஐசெர்ட் என்று சொன்னோமே, அதை ஏற்கும் பேச்சு எழுந்தது. எதிர்ப்பு கிளம்பியது, அவரைப் பதவி விலகச் சொன்னார்கள், நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கியது. டிசம்பர் 8-இல் தலைநகரில் நடந்த பேரணி அந்தப் பின்வாங்கலைக் கொண்டாடும் கூட்டமாகவே ஆகிவிட்டது.

அவரைப் பற்றி இந்த அறையிலேயே இரண்டு கருத்து உண்டு, எனக்குத் தெரியும். கூண்டில் ஏற்றி விசாரிக்க இன்று நேரமில்லை, விருப்பமும் இல்லை. என் அக்கறை ஆளைப் பற்றியதல்ல, இருக்கையைப் பற்றியது. இரண்டு எதிர் எதிர் அரசாங்கங்கள், ஒரே மனிதர், ஒரே வகை நியமனம். இரண்டு முறையும் கயிறு இழுபட்டது. வேறு ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் கயிறு இருந்திருக்காது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஜோர்ஜ்டவுன்வாசிகள் இதற்குக் கோலாலம்பூர்வரை போக வேண்டியதுமில்லை. 1951-இலேயே நகராட்சித் தேர்தல் கண்ட ஊர் இது. 1957 ஜனவரி 1-இல் மாநகரமானது. அந்தக் காலத்தில் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன் இந்நகரின் மேயராக இருந்தார். அவர் பெயரில் ஒரு சாலை இன்றும் உண்டு. அந்தச் சாலையில் தினமும் வண்டி ஓட்டுகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்? 1965-இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டின் சட்டம் நியமனத்தையே விதியாக்கியது. பினாங்குச் சட்டமன்றம் 2012-இல் உள்ளாட்சித் தேர்தலுக்குச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் முயற்சி தோற்றது. ஆகவே இன்றும் உங்கள் வீட்டுச் சாக்கடையையும் கோயில் கூரை அனுமதியையும் முடிவு செய்யும் கவுன்சிலர், நாணயம் சுண்டி அனுப்பப்பட்ட ஸ்மித்தின் இனத்தைச் சேர்ந்தவர்தான். சிலர் நல்லவர்கள். ஸ்மித்தும் நல்லவன்தானே!

சரி, படத்தின் பேர்போன பகுதியைப் பார்ப்போம். அந்த 24 மணி நேரப் பேச்சு. செனட்டில் ஒருவன் எழுந்து பேச ஆரம்பித்துவிட்டால், உட்காராமலும் நிறுத்தாமலும் இருக்கும்வரை அவனைத் தடுப்பது கடினம். ஃபிலிபஸ்டர் என்பார்கள். பார்க்கும்போது நமக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஒற்றை மனிதன் ஒரு சபையையே நிறுத்தி வைக்கிறான்! நம் நாடாளுமன்றத்தில் அப்படிச் செய்ய முடியாது, சபாநாயகர் கையில் கடிகாரம் இருக்கிறது. ஆனால் அதற்காக ஏங்குவதற்கு முன் வரலாற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நிஜ அமெரிக்க செனட்டில் இந்த ஆயுதத்தை அதிகம் கூர் தீட்டியவர்கள் யார்? கறுப்பின மக்களின் உரிமைச் சட்டங்களைத் தடுக்க நின்றவர்கள்தான். 1957-இல் ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற செனட்டர் 24 மணி 18 நிமிடம் பேசினார். குடிமை உரிமைகள் சட்டத்துக்கு எதிராக. 1964-இல் அதே போன்ற சட்டத்தை வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள். ஜூன் 10-இல் 71க்கு 29 என்ற வாக்கில்தான் பேச்சை முடித்து வைக்க முடிந்தது. தர்மண்டின் நேரத்தை மிஞ்சியவர் கோரி புக்கர் என்ற கறுப்பின செனட்டர். 2025 மார்ச் 31-இல் தொடங்கி 25 மணி 5 நிமிடம். முந்தியது பெருமைதான். ஆனால் அதற்கு 68 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

படம் காட்டாத இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 1939 அக்டோபர் 17-இல் இதன் சிறப்புக் காட்சி வாஷிங்டனில் கான்ஸ்டிடியூஷன் ஹாலில் நடந்தது. செனட்டர்களும் பத்திரிகையாளர்களும் வந்தார்கள். பல செனட்டர்கள் கொதித்துப் போனார்கள், தங்களைத் திருடர்களாகக் காட்டிவிட்டதாக. இலண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜோசப் கென்னடி, இந்தப் படத்தை ஐரோப்பாவில் காட்டாதீர்கள் என்று கம்பெனிக்கு எழுதினார். அதே கான்ஸ்டிடியூஷன் ஹாலில், அதே ஆண்டு, மரியன் ஆண்டர்சன் என்ற பெரும் பாடகியைக் கறுப்பினத்தவர் என்பதால் பாட விடவில்லை. அவர் ஏப்ரல் 9-இல் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று, திறந்த வெளியில், கடல் போன்ற கூட்டத்தின் முன் பாடினார். படத்தில் ஸ்மித் மனம் உடைந்து போய் நிற்பதும் அதே லிங்கன் நினைவகத்தில்தான். அங்கே ஒரு சிறுவன் கல்வெட்டை வாசிக்கும்போது, வயதான கறுப்பினத்தவர் ஒருவர் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கிறார். சில நொடிகள். வசனம் இல்லை. ஜனநாயகத்தின் புகழைப் பாடும் இந்த நீளப் படத்தில் அவருக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். சுவரோரம் தொப்பியுடன் நிற்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், தோழர்களே. தோட்டத்து ஆபீஸ் வாசலில் நம் பாட்டன்மார் நின்றதும் அப்படித்தானே.

இதை எழுதியவர் கதையையும் சொல்லாமல் விடக்கூடாது. திரைக்கதையாசிரியர் சிட்னி புக்மன் ஒரு காலத்தில் பொதுவுடைமைக் கட்சியில் இருந்தவர். 1951-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு அவரை அழைத்து, வேறு யார் யார் இருந்தார்கள் என்று கேட்டது. தன்னைப் பற்றிச் சொன்னார். மற்றவர் பெயரைச் சொல்ல மறுத்தார். பின்பு நாடாளுமன்ற அவமதிப்புக் குற்றத்துக்கு ஆளாகி, பல ஆண்டுகள் ஹாலிவுட்டில் வேலை இல்லாமல் கிடந்தார். செனட்டர் தைரியமாகப் பேச வேண்டும் என்று எழுதியவர், பேச மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார்!

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினோம் என்று கேட்பீர்கள். சாண்டர்ஸ் என்ற பெண்ணுக்காக.

எல்லோரும் ஸ்மித்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். செனட்டரின் செயலாளர். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள். அரசியலில் எல்லாவற்றையும் பார்த்துச் சலித்துப் போனவள். ஒரு மசோதா எப்படி எழுதப்படுகிறது, எந்தக் குழுவுக்குப் போகிறது, எத்தனை இடத்தில் மாட்டிக்கொள்ளும் என்று ஓர் இரவில் ஸ்மித்துக்குப் பாடம் நடத்துகிறாளே, அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். வில்லட் கிரீக் அணை 40-ஆம் பிரிவில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், ஸ்மித்துக்குத் தெரியாது. ஓடிப் போகவிருந்தவனைத் திருப்பிக் கூட்டி வருபவள் அவள். அவன் பேசும்போது மேல்மாடத்தில் உட்கார்ந்து, எந்த விதியைப் பிடிக்க வேண்டும், எப்போது விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சைகை காட்டுபவளும் அவள்தான். கேள்வி கேட்பதற்கு மட்டும் இடம் கொடுக்கலாம், மற்றபடி ஒரு நிமிடம் இடம் கொடுத்தாலும் பேச்சுரிமை போய்விடும் என்று அவனுக்கு யார் சொன்னது? தொண்டை அவனுடையது, விதிப் புத்தகம் அவளுடையது. அவள் இல்லாவிட்டால் அவன் பத்து நிமிடத்தில் வீடு போயிருப்பான்.

நம் சமுதாயத்தில் ஸ்மித்துகளுக்குப் பஞ்சமில்லை. மேடை கிடைத்தால் மூன்று மணி நேரம் பேசுவோம். சாண்டர்ஸ் எங்கே?

குளுகோரில் இருந்த கம்போங் புவா பாலாவை நினைத்துப் பாருங்கள். மாடு வளர்த்து, பால் கறந்து, தலைமுறைகளாய் நம் மக்கள் வாழ்ந்த கம்பம். அதற்கு ‘தமிழ் ஹை சாப்பரல்’ என்று பட்டப் பெயர். மாடு மேய்க்கும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரை ஒட்டி வந்தது. (பாருங்கள், அமெரிக்கப் படத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள்!) பிரவுன் குடும்பத்தின் பழைய தோட்டத்து நிலம் அது, அங்கே வாழ்ந்தவர்களுக்கென்று நம்பிக்கையின் பேரில் விடப்பட்டது என்பது குடியிருந்தவர்களின் வாதம். நிலம் மாநில அரசின் கைக்கு வந்து, அரசு அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய், மேம்பாட்டாளரிடம் சேர்ந்தது. ஒப்புதல் கொடுத்தது 2008 மார்ச்சுக்கு முந்திய ஆட்சி. கிராண்ட் பெயர் மாறிப் பதிவானது அந்தத் தேர்தலுக்குப் பிறகு, புதிய ஆட்சி உட்கார்ந்த நாட்களில். பழைய ஆட்சி செய்த பாவம் என்று இவர்கள் சொன்னார்கள். நீங்கள் நிறுத்தியிருக்கலாமே என்று மக்களும் ஹிண்ட்ராஃப்பும் கேட்டார்கள். மறியல், மகஜர், வழக்கு எல்லாம் நடந்தன. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோல்வி. கூட்டரசு நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. 2009 செப்டம்பரில் இயந்திரங்கள் உள்ளே நுழைந்து வீடுகளை இடித்தன. உடன்பாட்டுக்கு வந்த குடும்பங்களுக்குச் சில ஆண்டுகள் கழித்து இரண்டு மாடி வரிசை வீடு கிடைத்தது. மாடு கட்ட அங்கே இடமில்லை.

குரலில் குறை இருந்ததா? இல்லவே இல்லை. நாடு முழுக்கக் கேட்டது அந்தக் குரல். ஆனால் ஸ்மித் எழுந்து நின்றபோது மசோதா இன்னும் நிறைவேறியிருக்கவில்லை. புவா பாலாவுக்காக நாடு எழுந்து நின்றபோது கிராண்டில் பெயர் பதிவாகிவிட்டது. நில ஒப்புதல் மாநில ஆட்சிக்குழுவில் போகும் நாளில், கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் கோப்பில் ஏறும் நாளில், 40-ஆம் பிரிவைப் படித்துவிட்டு “இதோ பாருங்கள்” என்று சொல்ல நமக்கென்று உள்ளே ஒரு சாண்டர்ஸ் இருந்திருந்தால்? முடிவு மாறியிருக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன். சண்டை இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னதாகத் தொடங்கியிருக்கும். நிலச் சண்டையில் அதுதான் எல்லாம். நீதிமன்றத்தில் நம் பாட்டி எத்தனை ஆண்டு அங்கே இருந்தாள் என்பதைவிட, எந்தத் தேதியில் எந்தத் தாள் பதிவானது என்பதற்குத்தான் எடை. அது நியாயமா என்றால் இல்லை. நில விவகாரம் மாநிலத்தின் அதிகாரம், தேசிய நிலச் சட்டம் பதிவான பெயரையே பார்க்கும். ஆட்டத்தின் விதி அப்படி.

படத்தின் முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்மித் பேசிய பேச்சு அவன் மாநிலத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. டெய்லரின் பத்திரிகைகள் மறைத்துவிட்டன. சிறுவர்கள் தங்கள் சின்ன அச்சகத்தில் செய்தியடித்து விநியோகிக்கப் போக, அவர்களை அடித்து நொறுக்குகிறார்கள். ஸ்மித்துக்கு எதிராக 50,000 தந்திகள் வரவழைக்கப்பட்டு அவையில் கொட்டப்படுகின்றன. அதைப் பார்த்துத்தான் அவன் விழுகிறான். கணக்குப்படி பார்த்தால் அவன் தோற்றுவிட்டான். காப்பாற்றியது பெய்னின் மனசாட்சி. இந்த இடத்தில் எனக்குக் காப்ராவோடு ஒத்துப்போகவில்லை. கதையை முடிக்க அவருக்கு ஒரு மனசாட்சி தேவைப்பட்டது, கொண்டு வந்து வைத்தார். நம் வரலாற்றில் பெய்ன்கள் நிறைய உண்டு. இளமையில் தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி என்று உழைத்து, பிறகு பதவியில் உட்கார்ந்து, “உள்ளே இருந்துதான் செய்ய முடியும், உனக்குப் புரியாது” என்று நமக்குப் பாடம் சொன்னவர்கள். அவையில் எழுந்து நின்று உண்மையைக் கொட்டியவர் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு கை விரல் போதும்.

கடைசியாக, இளைஞர் சிலர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கவுன்சிலர் பதவி, கம்பத்து எம்பிகேகே பொறுப்பு, இப்படி நியமனம் தேடி வந்தால் வாங்கலாமா, கூடாதா?

வாங்குங்கள் என்பதே என் அபிப்பிராயம். காலியாக விட்டால் அதில் உட்காரும் ஆள் இன்னும் மோசமாக இருப்பார். ஆனால் தனியாகப் போகாதீர்கள். கூட்டக் குறிப்பைப் படிக்கத் தெரிந்த, மலாயில் கடிதம் எழுதத் தெரிந்த, வரைபடம் பார்க்கத் தெரிந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் அது நம் பெண்களாகத்தான் இருப்பார்கள். பள்ளி வாரியத்திலும் கோயில் கணக்கிலும் அந்த வேலையை இப்போதே செய்துகொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். மேடையில் மட்டும் அவர்கள் பெயர் வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று மக்கள் முன் எழுத்தில் வையுங்கள். நிலம் என்ற சொல்லைச் சொன்னவுடன் கயிறு இறுகினால், அதையும் எழுத்தில் வையுங்கள். பதவி போனால் போகட்டும். எதனால் போனது என்று ஊருக்குத் தெரிந்தால் போதும்.

பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது, சிலாங்கூரிலும் இருக்கிறது. எத்தனை பேர் அதில் விண்ணப்பம் போட்டிருக்கிறீர்கள்? நாடாளுமன்ற ஹன்சார்ட் இணையத்தில் கிடைக்கிறது, யார் என்ன பேசினார் என்று 1959-இலிருந்து பார்க்கலாம். ஒரு நிலத்தின் கிராண்ட் யார் பெயரில் இருக்கிறது, அடமானம் உண்டா, தடை உண்டா என்பதை நில அலுவலகத்தில் ‘சாரியான்’ விண்ணப்பம் போட்டு யாரும் கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. சிறு கட்டணம்தான். ஒரு சினிமா டிக்கெட்டை அதற்குச் செலவிடுங்கள் என்று, படம் காட்டிவிட்டுச் சொல்வது பொருத்தமில்லைதான்.

கோயில், இடுகாடு, பழைய தோட்டத்து லயத்து வீடு, மாட்டுக் கொட்டகை எதுவாக இருந்தாலும், உங்களிடம் இருக்கும் தாள்களை எடுத்து வாருங்கள். நில வரி ரசீது, டிஓஎல் என்ற தற்காலிகக் குடியிருப்பு உரிமம், காலாவதியாகியிருந்தாலும் பரவாயில்லை, தண்ணீர் பில், தாத்தாவின் பெயரில் வந்த தோட்டத்துக் கடிதம். அசலை வீட்டிலேயே வைத்துவிட்டு நகல் கொண்டு வாருங்கள். எண்ணும் தேதியும் தெளிவாகத் தெரிய வேண்டும். நில எண்களை வரிசையாக எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் நான்கு பேர் கொம்தாருக்குப் போகிறோம். கூட வர நேரமிருப்பவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள்.